மூவாயிரம் ரூபா முழக்கோல்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஒரு புடவைக்கடை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாடி, குளிரூட்டி, பத்துப் பதினைந்து பணியாட்கள். தீபாவளிக்கு முந்திய ஒரே வாரத்தில் பல இலட்சம் ரூபாவுக்கு விற்பனை. அந்தக் கடையிடம் கரைச்சிப் பிரதேச சபை ஆண்டு முழுவதற்குமாக அறவிடக்கூடிய வியாபார வரி ஆகக் கூடியது 3,000 ரூபா. பக்கத்தில் உள்ள வங்கிக் கிளைக்கும் 3,000. வங்கிக்கு அடுத்த ஒற்றை அறையில் தொலைபேசி திருத்துகிற பொடியனுக்கும் 3,000.

சபை சோம்பேறியாக இருந்து இப்படி ஆகவில்லை. எண் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 152ஆம் பிரிவு, வியாபாரத்தின் முந்திய ஆண்டுப் பெறுகையைப் படிப்படியாக வகுக்கிறது. 6,000 ரூபா வரை வரி இல்லை. 12,000 வரை 90 ரூபா. 18,750 வரை 180. 75,000 வரை 360. ஒன்றரை இலட்சம் வரை 1,200. அதற்கு மேல் எவ்வளவு போனாலும் 3,000. 2020களிலும் சபைகள் வர்த்தமானியில் அறிவித்து வந்தவை இதே படிகள்தான்.

ஒன்றரை இலட்சத்தை 365ஆல் வகுத்தால் நாளுக்கு 411 ரூபா. இன்றைக்கு நாளுக்கு 411 ரூபாவுக்கு விற்காத கடை வன்னியில் எங்கே இருக்கிறது? ஆக, ஆறு படி உள்ள ஏணியில் கீழ் ஐந்து படிகளும் வெறும் அலங்காரம். எல்லாரும் உச்சப் படியில்தான் நிற்கிறார்கள், சிறியவரும் பெரியவரும் தோளோடு தோளாக.

சாப்பாட்டுக் கடை, வெதுப்பகம் போன்றவற்றுக்கு 149ஆம் பிரிவின்படி அனுமதிப்பத்திரக் கட்டணம். கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதி 750 ரூபாவுக்குள் என்றால் 500 ரூபா, 1,500க்குள் என்றால் 750, அதற்கு மேல் 1,000. ஆண்டுப் பெறுமதி 1,500 என்றால் மாதம் 125 ரூபா வாடகை. அந்த வாடகைக்கு இன்று கிளிநொச்சிச் சந்தையில் ஒரு மேசை போடவும் இடம் கிடைக்காது. சுற்றுலாச் சபையில் பதிந்த விடுதிகளுக்கு மட்டும் முந்திய ஆண்டுப் பெறுகையில் 1 வீதம் என்று சட்டம் வைத்திருக்கிறது. இந்தக் கட்டணங்களில் காலத்தோடு தானாக வளரும் எண் அது ஒன்றுதான். வன்னியில் அப்படிப்பட்ட விடுதிகள் மிகச் சில.

1987இல் ஒரு அமெரிக்க டொலர் ஏறக்குறைய 29 ரூபா. அன்றைய 3,000 ரூபா நூறு டொலருக்குச் சற்று மேல். 2024இல் டொலர் 300 ரூபாவைச் சுற்றி நின்றது. அந்த விலையில் 3,000 ரூபா பத்து டொலர். சட்டத்தில் அந்த எண் மாறவில்லை. பெறுமதியில் பத்தில் ஒன்பது பங்கு ஆவியாகிவிட்டது.

இந்தக் கட்டுரை முழுக்க அந்த 3,000 ரூபாவையே முழக்கோலாக எடுத்துக்கொள்கிறேன். இனி 'ஒரு கடை' என்றால் 3,000 ரூபா. சபையின் ஒவ்வொரு செலவும் எத்தனை கடை என்று அளந்து பார்ப்போம். பெரிய எண்களை மில்லியனில் சொன்னால் நமக்கு உறைப்பதில்லை. கடைகளில் சொன்னால் உறைக்கும்.

முதலில் வன்னியின் நிலம். கிளிநொச்சி மாவட்டம் 1,279 சதுர கிலோமீற்றர், முல்லைத்தீவு 2,617, வவுனியா 1,967. கூட்டினால் 5,863. 2012 குடிசனக் கணக்கெடுப்பில் மூன்று மாவட்டங்களிலும் இருந்தவர்கள் ஏறத்தாழ 3,78,000 பேர், அதாவது சதுர கிலோமீற்றருக்கு 64 பேர். அதே ஆண்டு கொழும்பு மாவட்டத்தில் 699 சதுர கிலோமீற்றருக்குள் 23 இலட்சத்துக்கு மேல். சதுர கிலோமீற்றருக்கு 3,300 பேர். அங்கே ஒரு தெருவிளக்கின் கீழ் ஐம்பது பேர் நடந்தால் இங்கே ஒருவர் நடக்கிறார். விளக்கின் விலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். 2024 கணக்கெடுப்பில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் நன்றாக வளர்ந்திருக்கின்றன, வவுனியா கிட்டத்தட்ட அதே 1,72,000இல் நிற்கிறது. என்றாலும் நெருக்கம் எண்பதைத் தொடவில்லை.

இந்தப் பரப்பைப் பார்க்க மொத்தம் 12 உள்ளூராட்சி மன்றங்கள். வவுனியா மாவட்டத்தில் 5, முல்லைத்தீவில் 4, கிளிநொச்சியில் 3. 2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தலை, நகர சபையாக இருந்த வவுனியா முதல் முறையாக மாநகர சபையாகச் சந்தித்தது. மற்றப் பதினொன்றும் பிரதேச சபைகள். 1984இலிருந்து மாவட்டத் தலைநகராக இருக்கும் கிளிநொச்சிக்கு நகர சபைகூட இல்லை. அக்கராயனின் வயல் ஒழுங்கையையும் தர்மபுரத்தின் மதகையும் பார்க்கிற அதே கரைச்சிப் பிரதேச சபைதான் டிப்போச் சந்தி வடிகானையும் பார்க்கிறது. முல்லைத்தீவு நகரமும் அப்படியே, கரைதுறைப்பற்றுப் பிரதேச சபைக்குள். ஊருக்கு நகரத்தின் தேவை, கையில் கிராமத்தின் சட்டம். மாநகர சபைச் சட்டத்தில் அனுமதிப்பத்திரக் கட்டணத்தின் உச்சம் 5,000. பெரிய தொகை அல்ல, ஆனாலும் 1,000க்கு ஐந்து மடங்கு.

இனிக் குப்பை. காலையில் ஒரு உழவு இயந்திரம் பெட்டியோடு புறப்பட்டு, சந்தை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கடைத்தெரு எல்லாம் சுற்றி, கொட்டும் இடம் போய்த் திரும்புகிறது. நாளுக்கு 10 லீற்றர் டீசல், ஆண்டுக்கு 300 வேலை நாள் என்று வைப்போம். 3,000 லீற்றர். நம் முழக்கோலும் 3,000. ஆகவே கணக்கு மிக எளிது: ஒரு லீற்றர் டீசல் எத்தனை ரூபாவோ, ஒரு உழவு இயந்திரத்தை ஓட்ட அத்தனை கடை வேண்டும்.

2022 மார்ச் தொடக்கத்தில் டீசல் 121 ரூபா. 121 கடை. ஜூன் 26ஆம் திகதி 460 ரூபா. 460 கடை. நான்கு மாதத்துக்குள் 339 புதிய கடைகளை எந்தச் சபை எங்கிருந்து கொண்டுவரும்? அந்தச் செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைப் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. மின் கட்டணம் ஓகஸ்டில் சராசரி 75 வீதமும், அடுத்த பெப்ரவரியில் மறுபடி 66 வீதமும் ஏறியது. கடைக்காரர் பிளேன்ரீயின் விலையை ஏற்றினார், முடிவெட்டுகிறவர் தன் கூலியை ஏற்றினார். தன் விலையை ஏற்ற முடியாமல் நின்ற ஒரே ஆள் சபை. 2024 முடிவில் டீசல் 290க்குக் கீழே இறங்கியது. இறங்கிய பிறகும் ஒரு இயந்திரத்துக்கு 286 கடை. சாரதி, தொழிலாளிகள், ரயர், திருத்தம் எதுவும் இதில் இல்லை.

அள்ளிய குப்பையைக் கொட்டும் செலவு பணத்தோடு முடிவதில்லை. வவுனியா நகரத்தின் குப்பை மன்னார் வீதிப் பக்கம் பம்பைமடுவில் கொட்டப்பட, அதன் நாற்றத்தையும் புகையையும் சுமந்த சாளம்பைக்குளம் மக்கள் வீதியில் இறங்கி மறித்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம். ஒழுங்கான நிரப்பிடமோ பசளை ஆக்கும் நிலையமோ இல்லாத சபை, தன் செலவின் ஒரு பங்கை அயலூர் மக்களின் நெஞ்சுக்குள் இறக்கிவைக்கிறது. எந்தப் பாதீட்டிலும் அதற்கு ஒரு தலைப்பு இல்லை.

தீயணைப்புக்கும் இதே கோலைப் பிடித்துப் பார்க்கலாம். 2016 செப்ரெம்பரில் ஓர் இரவு கிளிநொச்சிப் பொதுச் சந்தை பற்றி எரிந்தது. புடவைக் கடைகளும் பழக்கடைகளும் வரிசையாகச் சாம்பலாயின. அன்று மாவட்டத் தலைநகரில் தீயணைப்பு வண்டி இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து, அறுபதுக்கு மேல் கிலோமீற்றர் ஏ9இல் ஓடி வரவேண்டியிருந்தது. மீள்குடியேறி, கடன்பட்டு, நகை அடைவு வைத்துக் கடை போட்டவர்களின் இரண்டாவது இழப்பு அது. அதற்குப் பிறகுதான் கரைச்சிப் பிரதேச சபையோடு தீயணைப்புப் பிரிவு வந்தது.

வண்டி வந்துவிட்டால் கதை முடிந்ததா? தீயணைப்பு என்பது இரவும் பகலும் ஆள் விழித்திருக்கும் வேலை. ஒரு முறைக்கு 6 பேர், மூன்று முறைக்கு 18 பேர் என்று மிகச் சிக்கனமாக வைப்போம். 2025 பாதீடு அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250இலிருந்து 40,000 ரூபாவுக்குக் கட்டம் கட்டமாக உயர்த்தியது. முழுமையாக நடைமுறைக்கு வரும்போது 18 பேருக்கு ஆண்டுக்கு 86 இலட்சத்து 40 ஆயிரம். 2,880 கடை. நிரந்தர ஊழியர் சம்பளத்தின் பெரும்பகுதி மாகாணத்தின் வழியாகக் கொழும்பிலிருந்து மீளளிப்பாக வருகிறது என்பதால் சபை பிழைக்கிறது. ஆனால் அந்த மீளளிப்பு அங்கீகரித்த ஆளணிக்கு மட்டும்தான். ஆளணியில் இல்லாத தற்காலிகத் தொழிலாளியின் நாட்கூலி சபையின் சொந்தப் பெட்டியிலிருந்துதான் போகிறது. அப்படியொருவர் இல்லாவிட்டால் மறுநாள் காலை சந்தை நாறும்.

வன்னியின் கணக்கில் என்னை மிகவும் தொந்தரவு செய்வது கட்டுவதற்கும் காப்பதற்கும் இடையே உள்ள இந்த வெளிதான். போருக்குப் பிறகு கட்டப் பணம் வந்தது. அதை மறுப்பது நன்றி கெட்டதனம். உலக வங்கியின் 50 மில்லியன் டொலர் கடனில் 2010இல் தொடங்கிய நெல்சிப் திட்டம் வடக்கின் 34, கிழக்கின் 45 சபைகளுக்காக வகுக்கப்பட்டது. அன்றைய விலையில் ஏறத்தாழ 5,650 மில்லியன் ரூபா. 79 சபைக்கும் சமமாகப் பங்கிட்டால் சபைக்கு 71.5 மில்லியன். வீதி, வடிகான், சந்தை, நூலகம், பூங்கா என்று அது ஊருக்குள் இறங்கியது. பிறகு 2019இல் 70 மில்லியன் டொலருடன் உள்ளூர் அபிவிருத்தி உதவித் திட்டம் வந்தது. இந்தியா வீடு கட்டக் குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கொடுத்தது. வீடு கொடையாக வந்தது. வீட்டுக்குப் போகும் ஒழுங்கை சபையின் தலையில் நின்றது.

71.5 மில்லியன் ரூபா என்பது 23,800க்கு மேற்பட்ட கடை. எந்த வன்னிச் சபையும் தன் வியாபார வரியால் அதைக் கனவிலும் கட்டியிருக்காது. அது சரி. ஆனால் கட்டியதில் நூற்றுக்கு இரண்டு ரூபாவாவது ஆண்டுதோறும் பராமரிப்புக்கு வேண்டும் என்று வைத்தால் 14 இலட்சத்து 30 ஆயிரம். 477 கடை. அந்தப் பணத்துக்கு எந்தத் திட்டத்திலும் இடமில்லை. திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவார், கல்வெட்டில் பெயர் வரும். ஐந்தாம் ஆண்டு மாரியில் கூரைத் தகரம் ஒழுகும்போது தவிசாளர் மட்டும்தான் வருவார், அவரிடம் காசு இருக்காது.

வவுனியாவில் 195 மில்லியன் ரூபாச் செலவில் புதிய பேருந்து நிலையம் எழுந்து 2017 ஜனவரியில் திறக்கப்பட்டது. இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கும் தனியாருக்கும் நேர அட்டவணையில் இணக்கம் வரவில்லை. 2018 புத்தாண்டோடு பழைய நிலையத்தை மூடியபோது வடக்கு முழுக்கப் பணிப்புறக்கணிப்பு நடந்தது, பழைய நிலையத்தைச் சுற்றிக் கடை வைத்தவர்கள் வியாபாரம் இழந்து தெருவுக்கு வந்தார்கள். நூற்றுக்கு இரண்டு என்ற அதே கணக்கில் அந்த நிலையத்துக்கு ஆண்டுப் பராமரிப்பு 39 இலட்சம், 1,300 கடை. யார் பொறுப்பில் இருந்தாலும் யாரோ ஒருவர் கொடுக்கவேண்டிய காசு அது. பேருந்து எங்கே நிற்கும் என்று பேசி முடிக்காமல் கட்டடத்தை முடித்ததால், அதைத் தேடித்தரவேண்டிய கடை வாடகையே முதலில் தடுமாறியது.

இனி வரவுப் பக்கத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது: காணி. தெற்கில் பல சபைகள் உயிர் வாழ்வது முத்திரைத் தீர்வையில். காணி விற்பனை உறுதியில் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம் என்பது வழக்கமான கணக்கு. 20 இலட்சத்துக்கு ஒரு காணி கைமாறினால் 3,000மும் 76,000மும் சேர்ந்து 79,000 ரூபா. மாகாணத்தின் கையில் சேரும் அந்தத் தொகை அந்தந்தச் சபைக்குத் திரும்ப வேண்டும். ஒரே ஓர் உறுதி, 26 கடை!

வன்னியில் உறுதி எங்கே? இங்கே குடியேற்றத் திட்டங்களில் பெரும்பாலான குடும்பங்களின் கையில் இருப்பது அனுமதிப்பத்திரம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுத்த அரச காணி. விரும்பியபடி விற்க முடியாது, பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் பெயர் மாற்ற முடியாது, வங்கியில் ஈடு வைப்பதும் கடினம். இடப்பெயர்வில் அந்தப் பத்திரத்தையும் தொலைத்தவர்கள் ஆயிரக்கணக்கு. கை மாறுகிற காணியும் வெள்ளைத்தாளில், சாட்சிக்கு இரண்டு பேரை வைத்துக் கைமாறுகிறது. அங்கே தீர்வை இல்லை. முல்லைத்தீவின் பாதிக்கு மேல் காடு. வனத் திணைக்களத்தின் எல்லைக்கல் பல இடங்களில் பழைய வயலுக்குள்ளேயே நடப்பட்டு வழக்காகியிருக்கிறது. கேப்பாப்புலவு மக்கள் இராணுவத்தின் கையில் இருந்த தங்கள் காணிக்காக முகாம் வாசலில் ஆண்டுக்கணக்கில் குந்தியிருந்ததை எல்லாரும் அறிவோம். காணிப் பிரச்சினையை உரிமைப் பிரச்சினையாகப் பேசுகிறோம், அது சரிதான். அதே காணி சபையின் வரவுப் பேரேட்டிலும் ஒரு வெற்றுக் கோடு என்பதை யாரும் பேசுவதில்லை.

மணலும் இப்படித்தான். அகழ்வு அனுமதி புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் கையில். டிப்பர் ஓடுவது சபையின் கிரவல் வீதியில். ஏற்றுகிறவருக்கு இலாபம், பணியகத்துக்குக் கட்டணம், சபைக்குக் குழி.

மிஞ்சுவது ஆதனவரி. பழைய ஆட்கள் சோலைவரி என்பார்கள். நகரப் பகுதிகளில் வீடு, கடை, கட்டடங்களின் ஆண்டுப் பெறுமதிக்கு ஒரு வீதம். பிரதேச சபை அதை நினைத்த இடத்தில் அறவிட முடியாது. அபிவிருத்தியடைந்த பகுதியாக அறிவித்து, அமைச்சரின் அங்கீகாரம் பெற்று, விலை மதிப்பீட்டுத் திணைக்களம் வந்து ஒவ்வொரு கட்டடத்தையும் மதிப்பிட்ட பிறகுதான். இந்த வரி ஒன்றுதான் ஊர் வளர வளரத் தானும் வளரக்கூடியது, புடவைக்கடைக்கும் பெட்டிக்கடைக்கும் வித்தியாசம் தெரிந்தது. ஒரு கல்வீட்டின் ஆண்டுப் பெறுமதி 24,000, வரி 6 வீதம் என்று எடுத்தால் ஆண்டுக்கு 1,440 ரூபா. மாதம் 120. ஒரு தொலைபேசி அட்டையின் காசு. ஆயிரம் வீட்டுக்காரர் இந்த வரியைச் செலுத்தினால் 14 இலட்சத்து 40 ஆயிரம், அதாவது 480 கடை. மேலே சொன்ன நெல்சிப் கட்டுமானங்களின் ஆண்டுப் பராமரிப்பு 477 கடை. ஆயிரம் வீடு மாதம் 120 ரூபா கொடுத்தால் அந்தப் பள்ளம் நிரம்பிவிடும் என்பதைத்தான் இந்த இரண்டு எண்களும் அருகருகே நின்று சொல்கின்றன.

வரி என்ற சொல்லைக் கேட்டதும் வன்னியில் ஒரு கசப்பு எழும். அது நியாயமானது. எத்தனையோ பேருக்கு வரி கட்டி, எதையும் திரும்பக் காணாத மண் இது. மூன்று தரம் வீட்டைக் கட்டியவரிடம் நான்காவதாக ஒரு சிட்டையை நீட்ட எனக்கும் மனம் வராது. அதனால்தான் சொல்கிறேன்: ஏழை வீட்டுக்கும் பெட்டிக்கடைக்கும் விலக்குக் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். 1987இன் உச்சவரம்பு ஏழையைக் காக்கவில்லை. நாளுக்கு 411 ரூபா விற்கிறவருக்கும் கோடிக்கணக்கில் கடன் கொடுக்கும் வங்கிக் கிளைக்கும் ஒரே 3,000 என்றால் காப்பாற்றப்படுவது யார்? படிகளை இன்றைய விலைக்கு மாற்றி எழுதினாலே சின்னக் கடைகளில் பாதிக்கு வரி இல்லாமல் போகும், வங்கியும் நிதி நிறுவனமும் பேரங்காடியும் தங்களுக்கு உரிய பங்கைக் கொடுக்கும்.

எழுதுவது யார்? நாடாளுமன்றமும் மாகாண சபையும். வட மாகாண சபை 2013 செப்ரெம்பரில் முதல் முறையாகத் தெரிவானது. 2018 ஒக்ரோபரில் காலம் முடிந்தது, அதன் பிறகு தேர்தல் இல்லை, ஆளுநர்தான். உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச் 19இல் முடிந்தது. மார்ச் 9ஆம் திகதி நடக்கவேண்டிய தேர்தலுக்குத் திறைசேரி பணம் விடவில்லை. அது குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. புதிய சபைகள் 2025 ஜூன் 2ஆம் திகதிதான் தொடங்கின. இரண்டு ஆண்டும் இரண்டரை மாதமும் பாதீட்டைக் கேள்வி கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லாமல் சபைகள் அதிகாரிகளின் கையெழுத்தில் ஓடின. புதுக்குடியிருப்பும் கரைதுறைப்பற்றும் இன்னும் மோசம்: மற்றச் சபைகள் 2011இல் வாக்களித்தபோது மீள்குடியேற்றமும் கண்ணிவெடியும் காரணம் என்று தள்ளிவைக்கப்பட்டு, 2018வரை அவர்களுக்குத் தேர்தலே நடக்கவில்லை.

புதிய உறுப்பினர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பாதீடு வாசிக்கும் நாளில் கட்சிக்கு யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்றுதான் செய்தி வருகிறது. அதை விட்டு, நான்கே நான்கு வரியைச் சபை வாசல் பலகையில் பெரிதாக எழுதிப் போடுங்கள். சென்ற ஆண்டு சொந்த வருமானம் எவ்வளவு. மாகாணத்திலிருந்து வரவேண்டிய முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் எவ்வளவு, வந்தது எவ்வளவு. நிலையான வைப்பில் எவ்வளவு. பராமரிப்புக்குச் செலவழித்தது எவ்வளவு. எழுதாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு விண்ணப்பம் கொடுத்தால் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். சனசமூக நிலையங்களில் மாலைநேரம் கூடுகிற இளைஞர்கள் பன்னிரண்டு சபைக்கும் பன்னிரண்டு விண்ணப்பம் போட்டால், இந்தக் கட்டுரையில் நான் 'என்று வைப்போம்' என்று எழுதிய இடத்திலெல்லாம் உண்மையான எண் வந்து நிற்கும்.

ஆதனவரி கட்டுகிறவர்களுக்குச் சட்டம் ஒரு சலுகை வைத்திருக்கிறது. ஆண்டுக்குரிய முழுத் தொகையையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு. அந்த 1,440 ரூபா வீட்டுக்காரர் 144 ரூபா மிச்சம் பிடித்து, 1,296 ரூபாவைச் சபைக் கருமபீடத்தில் கட்டிச் சிட்டை வாங்கலாம். 2024 முடிவில் இருந்த 286 ரூபா விலையில் அது நாலரை லீற்றர் டீசல். குப்பை உழவு இயந்திரம் காலையில் புறப்பட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பும்வரை ஓடுவதற்குக் காணும்.